ஆறு வருசத்துக்கு வராது

ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்திய பிறகுதான் கம்பவுண்டர் அதைச் சொன்னார். யாழ்ப்பாணத்து மனிதர், காலையிலிருந்து ஊசி போட்டுச் சலித்துப்போன முகம்.

"பயப்படாதை. இது மஞ்சள் காய்ச்சல் ஊசி. இனி ஆறு வருசத்துக்கு அது உன்னட்டை வராது."

கையைத் தேய்த்துக்கொண்டிருந்த காளியாயி அப்படியே நிறுத்தினாள். "எதுங்க வராது?"

"அதுதான், மஞ்சள்" என்றவர், அவளுடைய அட்டையில் முத்திரையைக் குத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கொழும்பிலிருந்து றொசல்லைக்கு ரயில் மூச்சிரைத்து ஏறிய வழியெல்லாம் அவள் வாயைத் திறக்கவில்லை. துணைக்கு வந்த, தோட்டத்துத் தொரை பங்களாச் சமையற்காரன் செல்லசாமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சீண்டினான். "என்னா காளியாயி, ஊசிய வாயிலயா போட்டுட்டான்?" மஞ்சள் காய்ச்சல் ஆப்பிரிக்காவில் குரங்குக்கு வருகிறதாம், கொசு கடித்தால் மனிதனுக்கும் தொற்றுமாம், தொரையே தன்னிடம் சொன்னாராம் என்று அவன் அளந்துகொண்டு வந்தான். செல்லசாமி சொன்னால் பாதி பொய் என்று தோட்டத்துக்கே தெரியும். குரங்குக்குக் காய்ச்சலாம், அதற்கு மனிதக் கையில் ஊசியாம். மஞ்சள் யாருடையது என்று இவனுக்குத் தெரியாதா? அம்மை கண்டால் யார்தான் பேரைச் சொல்கிறார்கள்? மஞ்சள் என்பார்கள், முத்து என்பார்கள், 'அது வந்திருக்கு' என்பார்கள். படித்த அந்தக் கம்பவுண்டரும் பேரைச் சொல்லப் பயந்துதான் மஞ்சள் என்றார். ஆத்தா இனி ஆறு வருசம் உன்மேல் வரமாட்டாள் என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். அவளுக்கு அப்படித்தான் பட்டது.

ஆத்தா வராவிட்டால் பேச்சாயியும் வரமாட்டாள்.

பேச்சாயி அவள் வயிற்றில் பிறந்த ஒரே பிள்ளை. யுத்தக் காலத்தில் தோட்டத்து லயக் குடியிருப்பில் அம்மை பரவியபோது, வேப்பிலைப் படுக்கையில் கிடந்து "ஆயி, தண்ணி" என்றது. மலையில் வேம்பு ஏது? கீழ்நாட்டிலிருந்து ரயிலில் வந்த இலை, பாதி காய்ந்திருந்தது. செம்பை எடுத்துக்கொண்டு, மலை ஊற்று விழும் பீலிக்கு ஓடினாள் காளியாயி. குழாய் முனையில் அன்றைக்குத் தண்ணீர் நூலாகத்தான் விழுந்தது. செம்பு நிறையும்வரை நின்றாள். திரும்பி வந்தபோது கேட்ட வாய் திறந்தே இருந்தது. அவ்வளவுதான்.

அடுத்த வருசத் திருவிழாவில், தப்பு அடித்துக் கரகம் கிளம்பும்போது, காளியாயி மேல் ஆத்தா இறங்கினாள். ஆத்தாவின் குரல் அடங்கும் நேரத்தில், அதே தொண்டையிலிருந்து ஒரு சின்னக் குரல் "ஆயி, தண்ணி" என்றது. சனங்கள் பீலித் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தது காளியாயியின் வாய்தான். தாகம் தீர்ந்தது அவளுக்கில்லை. அன்றிலிருந்து திருவிழா தவறாமல் பிள்ளை வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறது. புருசனும் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

இந்த நாடு இனித் தோதுப்படாது என்று தொரை கென்யாவுக்குக் கிளம்பினார், அங்கேயும் தேயிலைதானாம். ஆயாவாக நீ இல்லாமல் மகள் மேரி பாப்பா ஒரு வாய் சாப்பிடாது, நீயும் வந்துவிடு என்றாள் தொரசாணி. வராவிட்டால் மறுபடி கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு விடியற்காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்க வேண்டும், இடுப்பு தாங்காது. கடல் தாண்டி ஆத்தா வருவாளா என்று பூசாரி ஆண்டியப்பனைக் கேட்டாள். கடலும் அவளுடையதுதானே என்றார் அவர். அந்தச் சொல்லை நம்பித்தான் சரியென்றாள்.

ஊசி போட்டு வந்ததும் மறுபடி அவரிடம் போய், கம்பவுண்டர் சொன்னதைச் சொன்னாள். அவர் சிரித்தார். "சின்னதுல உனக்கு அம்மை குத்துனாங்கல்ல? அப்புறமும் ஆத்தா வரலியா?"

"அப்ப யாரும் வராதுன்னு சொல்லலியே சாமி."

ஆண்டியப்பன் திருநீற்றைக் கொடுத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

திருவிழா வந்தது. தப்பு அதிர்ந்தது. மஞ்சள் சேலையில் ஈரத்தலையோடு நின்றாள் காளியாயி. சனங்கள் அவளுக்கு வழிவிட்டு, வழக்கம்போலச் செம்பில் பீலித் தண்ணீரோடு காத்திருந்தார்கள். கால் குளிர்ந்தது, காது கேட்டது, பக்கத்து லயத்து நாய் குரைப்பது வரைக்கும் தெளிவாகக் கேட்டது. யாரும் வரவில்லை. கரகம் அவளைத் தாண்டிப் போயிற்று. செம்பைப் பிடித்திருந்த ராக்காயி, "கொஞ்சம் குடிக்கிறியாக்கா?" என்று மெல்லக் கேட்டாள். குடிக்க அவளுக்கு என்ன உரிமை? தண்ணீரைத் தரையில் ஊற்றச் சொன்னாள்.

அதற்கடுத்த வாரம் பங்களாவில் பெட்டி கட்டினார்கள். தொரசாணி பாப்பாவைக் காரில் கொழும்புக்குக் கூட்டிப்போய் அதே ஊசியைப் போட்டு வந்திருந்தாள். இரண்டொரு நாள் உடம்பு காயும், பயமில்லை என்று டாக்டர் சொன்னாராம். அன்று மத்தியானம் மேரிக்கு உடம்பு காய்ந்தது. பனி சன்னல்வரை வந்து நின்றது. காளியாயி கட்டிலோரம் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். பேசத் தொடங்கிய நாளிலிருந்து மேரிக்கு அவள் ஆயா. பாட்டுக்கும் ஆயா, சண்டைக்கும் ஆயா.

பாப்பா கண்ணைத் திறக்காமல் உதட்டை நக்கியது.

"ஆயி, தண்ணி."

விசிறி நின்றது. காய்ச்சல் நாக்கு தடுமாறியிருக்கும், அவ்வளவுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, கூசாவில் இருந்த கொதித்தாறிய தண்ணீரைக் கிளாசில் ஊற்றி வாயருகே வைத்தாள். பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டது. தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

"பீலித் தண்ணி."

அந்தச் சொல்லைப் பாப்பாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? தான்தானா? கதை சொல்லும்போது எப்போதாவது வாய் தவறி வந்ததா? யோசிக்க யோசிக்க நினைவுக்கு எட்டவில்லை. கை தன்னால் பித்தளைச் செம்பை எடுத்தது. எழுந்தாள். பின்வாசல் வழியாக ஓடினால் பீலி பக்கந்தான், போய் வந்துவிடலாம். அன்றைக்கும் பக்கந்தான் இருந்தது.

முந்தானை இழுபட்டது. சின்ன விரல்கள் அதைச் சுருட்டிப் பிடித்திருந்தன, நெருப்பாய்ச் சுட்டன.

காளியாயி செம்பைக் கீழே வைத்தாள். குனிந்து, இத்தனை வருசமும் தொரை வீட்டுப் பிள்ளையிடம் ஒருநாளும் பேசாத விதமாகப் பேசினாள்.

"போவ மாட்டேன்டி. இங்கனயேதான் இருக்கேன்."

வாசலில் செருப்புச் சத்தம் வந்து நின்றது. தொரசாணி. கையில் ஊசி அட்டைகள். எல்லாருடையதும் சேர்த்து ரப்பர் போட்டுக் கட்டியிருந்தது. கட்டிலையும் காளியாயியையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்.

"ஆயா, யார் கூட பேசுறது?"

காளியாயி திரும்பவில்லை. அசைந்தால் முந்தானை நழுவிவிடும். பனிக்குள்ளே, கீழே லயத்துப் பீலி நூலாக விழுந்துகொண்டிருப்பது கேட்டது. காலடியில் செம்பு வெறுமையாக வாயைத் திறந்துகொண்டிருந்தது.