இடப்பக்கக் கதவு

ஓடுகிற வண்டியின் கதவு தானாகத் திறந்துகொண்டால் அதற்குக் குழந்தைகள்தான் காரணம் என்று சொல்வதற்குத் தனியாக ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். துவாரகாவில் இருந்த அந்த சர்வீஸ் சென்டரின் அட்வைசருக்கு அது தாராளமாக இருந்தது. "பச்சே ஹைன், மேடம்," என்றான். குழந்தைகள்தானே, கைப்பிடியைப் பிடித்து இழுத்திருப்பார்கள் என்று சிரித்துக்கொண்டே விளக்கமும் கொடுத்தான்.

ஜ்யோத்ஸ்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முதல்நாள் காலையில் தன் மகள் மாதுரியையும் தாங்கள் குடியிருக்கிற அடுக்குமாடி சொசைட்டியின் மற்ற குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு லக்ஷ்மிபாய் நகர் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். மேம்பாலத்திலிருந்து இறங்கி வளைந்தபோது வண்டியின் இடப்பக்கக் கதவு சர்ரென்று பின்னால் ஓடித் திறந்துகொண்டது. கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தவள் மாதுரி. அவள் மடியிலிருந்த புத்தகப் பை ரோட்டில் விழுந்தது, பின்னால் வந்த பஸ் அதன்மேல் ஏறிப் போனது. மாதுரி விழாமல் தப்பித்ததற்கு ஒரே காரணம் பெல்ட். பின் சீட்டில் பெல்ட் போடச் சொன்னால் டெல்லியில் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று எல்லாக் குழந்தைகளும் பெல்ட் போட்டபிறகே வண்டியை எடுக்கிறவள் ஜ்யோத்ஸ்னா.

அட்வைசர் கதவைத் திறந்து மூடிப் பார்த்தான். நிற்கிற வண்டியில் அது சமர்த்தாக மூடிக்கொண்டது. "டீக் ஹை," எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி வண்டியைக் கழுவிக் கொடுத்து அனுப்பிவிட்டான். கதவு திறந்துகொள்கிறது என்று வந்தவளுக்குக் கழுவிய வண்டி.

வீட்டுக்கு வந்ததும் ஜ்யோத்ஸ்னா லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். அதே கம்பெனி, அதே ஏழு சீட் வேன், அதே கதவு. பக்கம் பக்கமாக ஜனங்கள் புலம்பியிருந்தார்கள். லூதியானாக்காரர் ஒருவருக்கு மழைத் தண்ணீர் உள்ளே போயிருக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி, ஷோரூமில் தன் மாமியார்மேல் பழியைப் போடுகிறார்கள் என்று எழுதியிருந்தாள். பாதிப் பேர் இவளைப்போல செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள். இதெல்லாம் போதாதென்று, அந்தக் கதவின் பூட்டில் கோளாறு இருக்கிறது, இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கம்பெனியே எப்போதோ ரீகால் அறிவித்திருந்தது. வண்டியின் சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தாள். இவர்கள் வண்டியும் அதில் சேர்த்திதான்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. கம்பெனிக்குத் தெரியும். சர்வீஸ் சென்டரின் கம்ப்யூட்டருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்துக்குப் பழியை மட்டும் ஒன்பது வயதுக் குழந்தையின் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

மறுநாள் போனபோது அட்வைசர் வெட்கப்பட்டதாகவே தெரியவில்லை. "அச்சா, ரீகால்? ஹோ ஜாயேகா," என்றான். பூட்டு ஸ்டாக்கில் இருக்கிறது, ஒரே நாளில் மாட்டிவிடலாம், காசு கிடையாது. வேலையை ஆரம்பிக்க வண்டிச் சொந்தக்காரரின் போனுக்கு ஒரு ஓடிபி போகும், அவர் அதைப் படித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் இருந்த சொந்தக்காரர் பெயர் ஜம்புநாதன்.

ஜம்புநாதன் யார் என்பதைச் சொல்ல வேண்டும். ஜ்யோத்ஸ்னாவின் மாமனார் பட்டாபி மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மேலே டைரக்டராக இருந்தவர் ஜம்புநாதன். அமெரிக்காவில் பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும்போது வேனை விற்கப் போவதாக அவர் ஒரு வார்த்தை சொல்ல, நம்ம சார் வண்டி என்று பட்டாபி ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிவிட்டார். பெயர் மாற்றும் காகிதத்தில் திரும்பி வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டு சார் விமானம் ஏறினார். திரும்பியும் வந்தார். பட்டாபி கேட்கவில்லை. மேலதிகாரியின் கையெழுத்து அவராகப் போட்டுக் கீழே வர வேண்டும், நாமாகப் போய் நினைவூட்டக்கூடாது என்பது அவர் சர்வீஸ் முழுக்கக் காப்பாற்றிய மரியாதை. டெல்லியில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. அவர்கள் நாற்காலியிலிருந்துதான் ரிட்டயர் ஆவார்கள், உத்தியோகத்திலிருந்து ஆவதில்லை.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் தன் பெயர் இருப்பதாலோ என்னவோ, கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போக வேண்டுமென்றால் ஜம்புநாதன் போன் செய்து, "பட்டாபி, வண்டியை அனுப்பு," என்பார். விற்ற வண்டியை. பட்டாபியும் அனுப்பி வைப்பார். ஓட்டிக்கொண்டு போவது ஜ்யோத்ஸ்னா. அவள் புருஷன் அர்விந்த் ஏர்போர்ட்டில் ஷிஃப்ட் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன். "அப்பா பாத்துப்பார்," என்பதோடு அவன் கடமை முடிந்துவிடும்.

ஓடிபி விஷயமாக மாமனாரும் மருமகளும் ஜம்புநாதன் வீட்டுக்குப் போனார்கள். அவர் சொல்லும்வரை பட்டாபி உட்காரவில்லை. ஜ்யோத்ஸ்னா உட்கார்ந்துகொண்டு நடந்ததை முழுக்கச் சொன்னாள்.

"நான் வெச்சிண்டிருந்த வரைக்கும் அந்த வண்டியில ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது," என்றார் ஜம்புநாதன். "ஓட்டறவா கை எப்படியோ வண்டியும் அப்படி."

"அங்கிள், ரீகால்னு கம்பெனியே சொல்றான். ஓடிபி வந்தா நீங்க படிச்சுச் சொன்னாப் போறும்."

"ஓடிபிங்கறது சம்மதம்மா. என்ன ஏதுன்னு தெரியாத விஷயத்துக்கு நான் எப்படிச் சம்மதம் குடுக்கறது? நாளைக்கு ஏதாவது கேஸ் கீஸ்னா என் பேர்னா வரும்." பிறகு பட்டாபி பக்கம் திரும்பினார். "எதுக்கும் ஒரு ரெப்ரசென்டேஷன் எழுதிக் குடு. பாக்கறேன்."

"ஒரு நம்பர் படிக்கறதுக்கு ரெப்ரசென்டேஷனா?" என்றாள் ஜ்யோத்ஸ்னா.

"பட்டாபி, உன் மாட்டுப்பொண்ணுக்கு எல்லாமே ஜல்தி," என்று ஜம்புநாதன் சிரித்தார். கூடவே பட்டாபியும் சிரித்தார். அந்தச் சிரிப்பை ஜ்யோத்ஸ்னாவால் மன்னிக்கவே முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பட்டாபி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நிஜமாகவே ரெப்ரசென்டேஷன் மனுவை எழுத ஆரம்பித்தார். பேனாவை வைத்துவிட்டு யோசிக்கிறார், ஒரு வார்த்தையை அடிக்கிறார், அதைவிடப் பணிவாக இன்னொன்றைப் போடுகிறார். ஜ்யோத்ஸ்னா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, மாதுரி ரோட்ல விழுந்திருப்பா. பின்னாடி பஸ் வந்துது."

"தெரியும்மா. எனக்கு மட்டும் பதறலையா? ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கோல்லியோ. சார்கிட்ட அடிச்சுப் பேசினா காரியம் கெட்டுடும்."

"அவர் உங்க சார் இல்லப்பா. நமக்கு வண்டி வித்தவர்."

பட்டாபி எழுதி முடித்தார். தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டும் வந்தார். அதற்கப்புறம் எப்போது கேட்டாலும் ஜம்புநாதன் பரிசீலனையில் இருக்கிறது என்றாராம். அதை பட்டாபி வீட்டில் வந்து நல்ல சேதி மாதிரி சொல்லுவார். ஜ்யோத்ஸ்னா கம்பெனியின் ஹெல்ப்லைனோடு மல்லுக்கட்டினாள். சொந்தக்காரரைப் பேசச் சொல்லுங்கள் என்று அங்கே ஒரு பெண் தேன் ஒழுகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கதவு மட்டும் அதே கோளாறோடு இருந்தது. குழந்தைகளை அதில் ஏற்ற மாட்டேன் என்று அவள் வேனை பார்க்கிங்கில் நிறுத்திவிட்டாள். சொசைட்டிக் குழந்தைகள் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். அவர்களுடைய அம்மாக்கள் லிஃப்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இவளால் அவர்களைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு சனிக்கிழமை ஜம்புநாதனிடமிருந்து போன் வந்தது. தமிழ்ச் சங்க விழாவுக்கு அவர்தான் தலைமை. "பட்டாபி, வண்டியை அனுப்பு."

"எந்த வண்டியை?" என்றாள் ஜ்யோத்ஸ்னா. "இவருக்கு வெக்கமே கிடையாதாப்பா?"

"கோச்சுக்காதே. ரெண்டு பேரும் வலப்பக்கமா ஏறிண்டாப் போச்சு. போற வழியில நானே கேட்டுடறேன். இன்னிக்குக் கேட்டே தீருவேன், ப்ராமிஸ்."

அந்த ஒரு வாக்குக்காக அவள் சாவியை எடுத்தாள். மாதுரியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.

ஜம்புநாதனின் சொசைட்டி வாசலில், பாதையை ஒட்டி வேனை நிறுத்தினாள். சார் பட்டு ஜிப்பா, சரிகை அங்கவஸ்திரத்தோடு நின்றிருந்தார். அவர் மனைவி ருக்கு மாமி முட்டி வலியோடு மெல்ல நடந்து, கைக்கு எட்டிய இடப்பக்கக் கதவைத் தானே திறந்து படியில் கால் வைத்தாள். முன் சீட்டிலிருந்த பட்டாபி அவசரமாக இறங்கினார். அந்தப் பக்கம் ஏறாதீர்கள் என்று சாரின் சம்சாரத்திடம் எப்படி மரியாதை குறையாமல் சொல்வது என்று அவர் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது ஜம்புநாதனே முந்திக்கொண்டார்.

"ருக்கு, அங்க உக்காராதே. சுத்திண்டு வலப்பக்கம் வா."

"இந்த முட்டியை வெச்சிண்டு ரோட்டுப் பக்கமாப் போகணுமா? ஏன்?"

"அந்தக் கதவு ஓடறச்சே திறந்துக்கும்டி. மறந்துட்டியா?"

"ஜெய்ப்பூர் போறச்சே திறந்துண்டு என் கைப்பையெல்லாம் ரோட்ல போச்சே, அதைச் சொல்றேளா?" ருக்கு மாமி ஒரு காலைப் படியில் வைத்தபடியே திரும்பினாள். "அதைச் சரி பண்ணிட்டுதானே இவாளுக்குக் குடுத்தேள்?"

ஜம்புநாதன் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். மாமி அவர் முகத்தையே பார்த்துவிட்டுக் காலைக் கீழே இறக்கினாள்.

ஏதாவது கத்த வேண்டும் என்றுதான் ஜ்யோத்ஸ்னா வண்டியை விட்டு இறங்கினாள். ஆனால் பட்டாபி பேச ஆரம்பித்திருந்தார்.

"அங்கதான் சார் மாதுரி உக்காந்திருந்தா."

"பட்டாபி, விழாவுக்கு நேரமாறது. அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"அவ பை விழுந்த இடத்துல அவ விழுந்திருப்பா. நான் உங்களுக்கு மனு எழுதினேன். பணிவான வணக்கத்தோட எழுதினேன்." பட்டாபியின் குரல் உயரவில்லை. "போனை எடுங்கோ சார். ஜ்யோத்ஸ்னா, நீ சர்வீஸ் சென்டருக்குப் போடு."

"இதை நடுரோட்டில வெச்சுக் கேக்கறது முறையில்லை, பட்டாபி."

"இல்லைதான் சார். போனை எடுங்கோ."

ஜ்யோத்ஸ்னா நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அட்வைசர் கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் கேட்டது. ஜம்புநாதனின் ஜிப்பாப் பையில் போன் ஒருதரம் அதிர்ந்தது. அவர் அதை எடுத்தார், பார்த்தார், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ருக்கு மாமி அதை அவர் கையிலிருந்து வாங்கி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாகப் படித்தாள். கடைசி இலக்கத்தில் அவள் குரல் கம்மிவிட்டது. சரியாகக் கேட்கவில்லை என்றான் அட்வைசர். மாமி மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"ஹோ கயா, மேடம்," என்றான். "காடி லே ஆயியே." பதிவாகிவிட்டதாம், வண்டியைக் கொண்டுவரச் சொல்கிறான்.

ஜம்புநாதன் வேனைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கக் கதவுக்குப் போனார். ஒன்றும் நடக்காத மாதிரி அதன் கைப்பிடியில் கை வைத்தார். பட்டாபி இடப்பக்கக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"இது இப்போ சர்வீஸ் சென்டருக்குப் போறது, சார். நீங்க ஆட்டோ பிடிச்சுப் போயிடுங்கோ. பேர் மாத்தற பேப்பரோட திங்கட்கிழமை வரேன். ஆத்துல இருங்கோ."

ஜ்யோத்ஸ்னா வண்டியை எடுத்தாள். கண்ணாடியில் பார்த்தபோது ஜம்புநாதன் கையை நீட்டி ஓர் ஆட்டோவை நிறுத்த முயன்றுகொண்டிருந்தார். ருக்கு மாமி அவருக்குப் பக்கத்தில் இல்லை. அவள் சொசைட்டிக்குள்ளே திரும்பி நடந்துகொண்டிருந்தாள்.

ஜ்யோத்ஸ்னாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இந்த ஒரு வார்த்தையை முதல் நாளே கேட்டிருந்தால் என்ன என்று மாமனாரைக் கேட்க நாக்கு துடித்தது. திரும்பிப் பார்த்தாள். பட்டாபி நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்கக்கூட இல்லை.

சிக்னலில் வண்டி நின்றபோதுதான் வாயைத் திறந்தார்.

"ஆத்துக்காரின்னதும் அவருக்கு எப்படிம்மா உடனே சொல்லத் தெரிஞ்சுது?"