ஜோன்ஸுக்கு ஒரு மெயில்

ஆறாவது தடவையும் கம்ப்யூட்டர் திரையில் 'டயல் டோன் இல்லை' என்று வந்ததும் விஜிலா எழுந்து கூடத்துக்குப் போனாள். நினைத்தது சரிதான். அவள் அப்பாவின் தம்பி ஆன்டனி, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

“சித்தப்பா, இருக்கது ஒரு லைன்தான். நீங்க போனை எடுத்தா எனக்கு நெட் வராது.”

“புன்னைக்காயல் சொந்தக்காரங்களுக்குச் சொல்லாண்டாமா? நாளைக்கு நம்மளத்தான ஏசுவாவ.”

இதையேதான் முந்தின தடவையும் சொன்னார்.

துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டிய அவள் அப்பா இஞ்ஞாசி அன்று விடியற்காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், அப்படியே வாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழவில்லை. மகன் ஜோன்ஸ் சரக்குக் கப்பலில் பிரேசில் பக்கம் இருந்தான். நாலு மணிக்கே அடக்கமா, அவன் வரும்வரை ஐஸ் பெட்டியில் வைப்பதா என்று பங்குச் சாமியார் மதியத்துக்குள் சொல்லச் சொல்லியிருந்தார். மும்பையில் இருக்கும் கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டபோது, மெயில் அனுப்பினால் கப்பலுக்குச் சேர்த்துவிடுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, பிரவுசிங் சென்டர் பூட்டிக் கிடந்தது.

மிச்சம் இருந்தது வீட்டுக் கம்ப்யூட்டர். ஜோன்ஸ் போன லீவில் வாங்கி வைத்தது. மோடமும் இன்டர்நெட் கார்டும் எட்டு மாதமாக அட்டைப்பெட்டியில் பிரிக்காமல் இருந்தன. ஆள் வைத்து மாட்டலாம் என்று விஜிலா சொன்னபோதெல்லாம், நாளைக்குப் பார்ப்போம் என்றுதான் அப்பா சொல்வார். அவர் மேலேயும் இப்போது கோபம் வந்தது.

மெயில் அனுப்ப அவளுக்குத் தெரியும். இணைப்புக் கொடுத்துப் பழக்கமில்லை. சிடியைப் போட்டு, போன் வயரை மோடத்தில் செருகி, கார்டில் பாஸ்வேர்டை மூடியிருந்த பூச்சைச் சுரண்டியாகிவிட்டது. சுரண்டிய இடத்தில் இருப்பது ஒன்றாம் எண்ணா, ஆங்கில ‘எல்’ எழுத்தா என்று தெரியவில்லை. மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தாள். மோடம் கத்துவதைக் கேட்டு வந்த ஒரு அத்தை, துட்டி வீட்டில் இது என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனாள். அம்மா பேபி, அப்பாவைக் கிடத்தியிருந்த கட்டிலருகே இருந்தபடியே, ஜோன்ஸ் என்ன சொல்கிறான் என்று கேட்கப் பத்து நிமிஷத்துக்கு ஒருவரை அனுப்பினாள்.

பத்து மணி வாக்கில் ஒருவழியாக இணைப்புக் கிடைத்தது. ‘அப்பா’ என்று அடிப்பதற்குள் அறுந்தது. விஜிலா கூடத்துக்கு வந்தாள். சுவரிலிருந்து வயரைப் பிடுங்கி, போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆன்டனி ரிசீவர் பிடித்திருந்த கையை இறக்க மறந்து நின்றார்.

அடுத்த தடவை மெயில் போய்விட்டது.

பன்னிரண்டே காலுக்குப் பதில் வந்தது. ஆங்கில எழுத்தில் அவன் தமிழை அடித்திருந்தான். கப்பல் நேற்றே துறைமுகத்தை விட்டுக் கிளம்பிவிட்டதாம். அடுத்த கரைக்குப் பன்னிரண்டு நாள். நாலு மணிக்கே அடக்கத்தை வைத்துவிடுங்கள், அம்மாவைப் பார்த்துக்கொள் என்று எழுதியிருந்தான். கொஞ்சம் இடம் விட்டு, கீழே ஒரு வரி.

‘அப்பாவுக்கு என்ன சட்டை போட்டிருக்கீய?’

விஜிலா பதில் அடிக்கக் கையை வைத்தாள். தெரியவில்லை. காலையிலிருந்து அந்தக் கட்டிலைத் தாண்டித் தாண்டி எத்தனை தடவை நடந்திருப்பாள்.

கூடத்துக்கு வந்தாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“வரல்லம்மா. நாலு மணிக்கே வைக்கச் சொல்லுதான்.”

அம்மா தலையை ஆட்டிவிட்டு ஜெபமாலையைத் தொடர்ந்தாள்.

நீலக் கோடு போட்ட வெள்ளைச் சட்டை. யாரோ அவசரத்தில் மாட்டிவிட்டிருந்தார்கள். இரண்டாவது பொத்தான் மூன்றாவது துளையில் கிடந்தது. அதற்குக் கீழே எல்லாமே ஒன்று தள்ளி.

விஜிலா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பொத்தான்களைக் கழற்றி, காலரிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தாள்.