யார் வீட்டில் பொய் மாத்திரை

மருந்து கொடுப்பவளே தான் கொடுப்பது மருந்தா இல்லையா என்று தெரியாது என்கிறாள். மர்ஜினா சந்தேகப்பட இதைவிட வேறென்ன வேண்டும்?

மேக்னா ஆற்று மணல்திட்டில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. ஆராய்ச்சிப் படகில் வந்த, ஊரே ஆபா, அக்கா என்று கூப்பிடும் ரெஹ்னுமா, மர்ஜினாவின் மகன் துஹினுக்கு ஒரு மாத்திரைப் பொட்டலமும், மூத்த ஓரகத்தி ஜோச்னாவின் மகன் ஷிமுலுக்கு ஒன்றும் கொடுத்தாள்.

"சிலதுல மருந்து இருக்கும், சிலதுல வெறும் மாவு. எதுல எதுன்னு எனக்கே தெரியாது. மருந்து நிஜமா வேலை செய்யுதான்னு பாக்கத்தான் இப்படி. உப்புச் சர்க்கரைத் தண்ணியை மட்டும் ரெண்டு வீட்லயும் விடாம குடுங்க."

படகு நகர்ந்ததும் மர்ஜினா புருஷனிடம் சொன்னாள். "தெரியாதாம். ஜோச்னா வீட்டுல உக்காந்து டீ குடிச்சா. நம்ம வீட்டுல நின்னுகிட்டே பேசிட்டுப் போறா. மாவு யாருக்குன்னு ஆட்டுக்குட்டிக்கே தெரியும்."

"நீ உக்காரச் சொன்னியா?" என்றான் அவன், வலையிலிருந்து தலை நிமிராமல்.

மறுநாள் துஹின் கண் குழிந்து துவண்டு கிடந்தான். எதிர்க்குடிசை வாசலில் ஷிமுல் பொரிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தான். பொரி தின்கிற பிள்ளைக்குள் போனது நிஜ மருந்துதான். ஜோச்னா குளிக்கப் போன சமயம் பார்த்து மர்ஜினா பொட்டலங்களை மாற்றி வைத்தாள்.

அடுத்த நாள் காலை பொட்டலத்தை எடுத்தவளின் கை அப்படியே நின்றது. ஓரத்தில் பல் தடம். வாங்கிய அன்றே துஹின் கடித்து வைத்தது. அவள் பொட்டலம் அவளிடமே திரும்பி வந்திருந்தது.

"புபு, என் வீட்டுக்கு வந்தீங்களா?" என்று அக்கா முறை வைத்து ஜோச்னாவிடம் கேட்டாள்.

"எதுக்கு வரப்போறேன்? உன் டீயைக் குடிக்கவா?"

மர்ஜினா பல் தடத்தைக் காட்டினாள். ஜோச்னா கோழிகள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ராத்திரி பூரா உன் பையன் அழவே இல்லையேடி. அதான், நிஜ மருந்து அவனுக்குத்தான்னு..."

"அழத் தெம்பில்ல புபு. உங்க பையன்தானே பொரி தின்னான்?"

"தின்னானா? அத்தனையும் கோழிக்குப் போட்டான். கோழி நல்லா இருக்கு."

இரண்டு பொட்டலத்திலிருந்தும் ஒவ்வொரு மாத்திரை ஒரே கிண்ணத்தில் கரைந்தது. பாதி பொய்யானாலும் பாதி நிஜம் உள்ளே போகுமே.

"நல்லாக் கலக்கு. அடியில தங்குனதை உன் பையனுக்கு ஊத்திடாதே," என்றாள் ஜோச்னா. ஒருத்தி கரண்டியை மற்றவள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பிள்ளைகளும் மீன் கேட்டு அடம்பிடித்தார்கள். சொம்பு சொம்பாய்க் குடித்த உப்புச் சர்க்கரைத் தண்ணீரை யாரும் நினைக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒன்றுபோலக் கிடைத்த பொருளுக்கு என்ன மதிப்பு?

படகு வந்தது.

"அவங்கவங்க மாத்திரையை அவங்கவங்களுக்குத்தானே குடுத்தீங்க?"

"ஆமா ஆபா," என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

ரெஹ்னுமாவின் பேனா நின்றது. இந்த ஓரகத்திகள் இன்றுவரை மழை பெய்கிறதா என்பதில்கூட ஒத்துப்போனதில்லை. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பையை இறக்கி வைத்துவிட்டு, முதல் தடவையாக மர்ஜினா வீட்டுப் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"டீ போடு," என்றாள். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."