குறையில்லாத மாப்பிள்ளை

சமையலறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, தெர்மோகோல் பெட்டிக்குள் டிரை ஐஸ் கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள் சிவசங்கரி. வாசலில் பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். தம்பி ஆனந்தகுமார் காலை ஆறு மணிக்குப் போய்விட்டான். இப்போது மணி ஒன்பதாகப் போகிறது.

ஐஸை அவள் நேற்றே கோயமுத்தூரிலிருந்து வாங்கி வந்துவிட்டாள். தம்பி மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஐஸுக்குப் போன அக்கா என்று ஊர் சொல்லும். சொல்லட்டும், பொய்யா அது?

இருபத்தோரு வருஷ ஆராய்ச்சி. கோயமுத்தூரில் தொடங்கி ஜெர்மனி போய் பெங்களூருக்குத் திரும்பியது. செலினியம் என்றொரு சத்து; உடம்பில் கடுகளவுகூட இருக்காது. அதை வைத்து உடம்பு செய்துகொள்ளும் புரதங்கள் இருபத்தைந்து. அதில் ஒன்று பழுதானால் பிள்ளைக்குக் கழுத்து நிற்காது, முதுகு வளையாது, கடைசியில் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும். ஆனந்தகுமார் குனிந்து செருப்பு மாட்டியதே இல்லை. அவனுக்காகத்தான் அவள் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் ரத்தத்தில் ஜீனில் ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்து ஆறு வருஷம் ஆகிறது. அந்த எழுத்துதான் குற்றவாளி என்று சொல்ல ரத்தம் போதாது, தசை வேண்டும். ஜீனின் நகலாக ஆர்.என்.ஏ. தசைக்குள் இருந்துகொண்டு புரதம் செய்யச் சொல்கிறதே, அது அங்கே உருப்படியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உயிரோடு இருந்தபோது டாக்டர்கள் பயந்தார்கள். இருக்கிற மூச்சுக்கு இவன் மயக்க மருந்து தாங்கமாட்டான் என்றார்கள். "செத்தப்புறம் எடுத்துக்கக்கா, அப்ப வலிக்காதுல்ல" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான் ஆனந்தகுமார்.

ஆனால் சாவுக்குப் பிறகு ஆர்.என்.ஏ. யாருக்காகவும் காத்திருக்காது. இந்த வெயிலில் சிதைந்துவிடும்; பகல் பன்னிரண்டு மணிக்குள் எடுத்து ஐஸில் வைக்காவிட்டால் பிரயோசனமில்லை.

கதவு திறந்தது. அம்மா கமலாத்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"என்ன அம்முணி பொட்டி?"

"தம்பி உங்ககிட்டயும் சொன்னானில்லீங்கம்மா. தொடையில பட்டாணியளவு. நானே எடுத்துருவேன். பன்னண்டு மணிக்குள்ள எடுக்கோணும்."

கமலாத்தாள் பெட்டியைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த, தசை எடுக்கும் ஊசியைப் பார்த்தாள். அந்த வீட்டில் அவள் பார்க்காத ஊசியா?

"அவனுக்கு வலிக்குமா?"

"வலிக்காதுங்கம்மா."

"அப்ப சித்த இரு. ஆளுகளை வெளிய அனுப்பிட்டு..."

அவள் முடிப்பதற்குள் அத்தை பொன்னாத்தாள் உள்ளே வந்துவிட்டாள். கமலாத்தாளுக்கு நாத்தனார், இப்படிப்பட்ட நேரத்தில் வீட்டுக்கே எஜமானி.

"வாழைக்கன்னு வந்துருச்சு. மாப்பிள்ளைக்குக் கோடித்துணி எடு கமலா."

கல்யாணமாகாமல் செத்த ஆணை அப்படியே எடுக்க மாட்டார்கள். வாழைக்கன்றுக்குத் தாலி கட்டவைத்து, மாப்பிள்ளையாக்கித்தான் எடுப்பார்கள். இல்லாவிட்டால் ஆசை அடங்காமல் ஊட்டைச் சுற்றுமாம்.

ஊசியைக் கண்டதும் அத்தைக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அடியே! மாப்பிள்ளைய அறுத்துப்போட்டு மணையில வெப்பாங்களா? படிச்சவளுக்கு இதுகூடத் தெரியாதா? குறை உடம்போட தாலி கட்டுனா அது தாலியா?"

"அத்தை, உங்க மௌனிகா புள்ளைக்கு ரெண்டு வயசாச்சுங்க. கழுத்து நின்னுதா?"

 அத்தையின் மகள் மௌனிகாவைச் சொந்தத்திலேயே, கமலாத்தாளின் அண்ணன் மகனுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். கமலாத்தாளையும் சொந்தத்திலேதான் எடுத்திருந்தார்கள். நிலம் பிரியக்கூடாது பாருங்கள்.

"இப்பவே தெரிஞ்சா ராத்திரி மூச்சுக்கு மெஷின் வெச்சுக் காப்பாத்தலாங்க. தம்பிக்கு முப்பது வயசுலதான் அந்த மெஷினே வந்துச்சு."

"எங்கப்பாரும் மூணு வயசுலதான் நடந்தாரு. எழவு ஊட்டுல நின்னுக்கிட்டு என்ற பேத்தி மேல கண்ணு வெக்காத!"

சிவசங்கரி அம்மாவைப் பார்த்தாள். இனி சொல்ல வேண்டியவள் அவள்தான்.

கமலாத்தாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "முப்பத்திநாலு வருசமா எத்தனை கல்யாணத்துக்குப் போயிருக்கறேன் அம்முணி. அடுத்தவன் புள்ளை மாலையோட நிக்கறப்பல்லாம் வயிறு எரிஞ்சுதான் வருவேன். ஒரு நாளு, ஒரு மணி நேரம். என்ற பையன் குறையில்லாத மாப்பிள்ளையா இருக்கட்டும். உன்ற ஊசி வேண்டாம்."

தம்பியின் கையெழுத்துத் தாள் சிவசங்கரியின் பையில் இருந்தது. அதை அம்மா முகத்துக்கு முன்னால் நீட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

இருபத்தோரு வருஷம் படித்தவள் ஒரு வாழைக்கன்றிடம் தோற்றாள்.

எண்ணெயும் அரப்பும் வைத்துக் குளிப்பாட்டி, கோடி வேட்டி கட்டி, மாலை போட்டு நாற்காலியில் வைத்தார்கள். உயிரோடு இருந்தபோது வளையாத முதுகு இப்போதும் வளையவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பங்காளி ஒருவர் அவன் கையைப் பிடித்து மஞ்சள் கயிற்றை வாழையில் கட்டவைத்தார். கமலாத்தாள் அட்சதை போட்டாள். போடும்போது அவள் முகம் மலர்ந்தது. படுபாவி மனசு, அதைப் பார்த்து சிவசங்கரிக்கும் ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு கன்றை ஒரே வெட்டில் சாய்த்தார்கள்.

அப்போது மணி பன்னிரண்டே கால்.

ஆண்கள் உடலை அடக்கம் பண்ணத் தோட்டத்துக்குத் தூக்கிப் போனபின் பெண்கள் வீடு கழுவத் தொடங்கினார்கள். சிவசங்கரி கிணற்றடிக்குப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். அங்கேதான் அவளுக்கு அழுகை வந்தது. தம்பிக்காகவா, அந்தப் பட்டாணியளவுக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. அதை நினைத்து வெட்கமாக இருந்தது.

காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். மௌனிகா. இடுப்பில் குழந்தை.

"உள்ள பேசுனதெல்லாம் கேட்டேனுங்க்கா."

சிவசங்கரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமங்கிட்ட எடுக்க விடலீல்ல. இவகிட்ட எடுத்தா தெரிஞ்சுருமா?"

"தெரியும். ஆனா நான் எடுக்க முடியாது. கோயமுத்தூர் ஆசுபத்திரியில வெச்சு டாக்டர்தான் எடுக்கோணும்."

"வர்றேனுங்க்கா. தடுப்பூசின்னு அம்மாகிட்டச் சொல்லிக்கறேன்."

"மௌனிகா, அவனுக்கு வலிச்சிருக்காது. இவளுக்கு வலிக்கும்."

"தெரியுங்க்கா."

வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மௌனிகா குழந்தையின் கவுனை மேலே தூக்கினாள்.

"எந்தக் கால்லீங்க்கா எடுப்பாங்க?"

சிவசங்கரி கையை நீட்டி இடது தொடையைத் தொட்டாள். கட்டைவிரலும் நடுவிரலும் சுற்றி வந்து ஒன்றையொன்று தொட்டன. குழந்தை கூச்சத்தில் கலகலவென்று சிரித்தது. தலை மட்டும் மௌனிகாவின் தோளிலிருந்து எழவில்லை.