தலைமாட்டில் எழுதிய பேர்

என் வீட்டுக்காரர் இசக்கிப்பாண்டிக்குத் தாராவியில் போர்டு எழுதும் வேலை. அந்தக் கை சும்மா இருக்காது. செம்பூரில் ஞானசீலன் நடத்திய முதியோர் இல்லத்துக்குத் தர்மமாக எழுதிக் கொடுக்கப் போனவர், வாசல் போர்டோடு நிறுத்தினாரா? கட்டில், பெஞ்சு, தண்ணீர் டிரம் என்று கண்ணில் பட்டதிலெல்லாம் இல்லத்தின் பேரை எழுதிவிட்டு வந்தார்.

அதில் ஒரு இரும்புக் கட்டில் தெரசம்மாள் பாட்டிக்குச் சொந்தம். புருஷன் செத்தபின் மாஹிமிலிருந்து அந்தக் கட்டிலோடு வந்து சேர்ந்தவள். எல்லார் கட்டிலிலும் பேர் இருக்க, தன்னுடையது மட்டும் மொட்டையாக நின்றால் ஒட்டுக்குடித்தனம் மாதிரி இருக்கிறதாம். "எனக்கும் எழுதிரு ராசா" என்றாள். இவரும் பச்சை பெயிண்டில் எழுதினார்.

அறுபத்தைந்தாம் வருஷம் அரிசி விலை ஏறிய ஏற்றத்தில் ஞானசீலன் நொடித்துப்போனார். கோர்ட் அவரைத் திவால் என்று சொல்லி, சாமான்களை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கு வைக்க ரிசீவர் என்று ஓர் அதிகாரியை நியமித்தது. அங்கிருந்த கிழவிகளுக்கு என்ன ஏற்பாடு? ஒன்றும் கிடையாது. ஞானசீலனின் சொந்தப் படுக்கையையும் சமையல் பாத்திரத்தையும் அவருக்கே விட்டுவைத்த சட்டத்தின் கண்ணில், அவரை நம்பிப் படுத்திருந்தவர்கள் படவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சயானில் ஒரு சர்ச் விடுதி பாட்டியைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தது. கட்டிலை அவளே கொண்டுவர வேண்டும். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத முழங்கால் அவளுக்கு. கட்டில் இருந்தால் இடம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

சாமான்களைக் கணக்கெடுக்க ரிசீவர் அனுப்பியவர் மாட்டுங்காத் தமிழர். கெட்டவர் இல்லை. பச்சை எழுத்தைக் காட்டிச் சொன்னார்: "இல்லத்தோட பேர் இருக்கே. சொந்தக்காரங்களே சம்மதிச்சு, பாக்கறவங்க எல்லாம் இல்லத்துதுன்னு நம்பும்படி விட்டிருந்தா, இதுவும் ஏலத்துக்குத்தான் போகும். அவங்களைக் கேக்காம எழுதினதா இருந்தா வேற விஷயம்."

என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. "கேக்காமத்தான் எழுதினேன் சார். எங்க வந்து வேணும்னாலும் சத்தியம் பண்ணுதேன்" என்றார். பச்சைப் பொய். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

பாட்டி திறந்தாள். "எனக்காக நீ என்னத்துக்குய்யா பழி சொமக்க? நாந்தான் சார் எழுதச் சொன்னேன். அந்தப் புள்ள மேல ஒரு குத்தமும் இல்ல."

கணக்கெடுக்க வந்தவர் பேனாவை மூடிவிட்டார். கட்டில் போயிற்று.

வீட்டுக்கு வந்தவர் சோற்றில் கை வைக்கவில்லை. "நாந்தான் அந்தக் கெழவியத் தெருவுல விட்டேன்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். எவ்வளவுதான் கேட்பது? "பொலம்பி என்ன ஆவப்போவுது? நம்ம கட்டில எடுத்துட்டு வாங்க, போவோம்" என்றேன். எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். சொல்லிவிட்டேனே தவிர, கைவண்டியில் ஏற்றும்போது எனக்கும் வயிறு எரிந்தது.

சயானில் கட்டிலைப் போட்டோம். பாட்டி அதைத் தடவிப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்களையும் பார்த்தாள். அங்கேயும் எவரோ ஒரு புண்ணியவான் எல்லாவற்றிலும் பேர் எழுதி வைத்திருந்தார். "ஏய்யா, இதுலயும் விடுதி பேர எழுதிரு" என்றாள்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "வேண்டாம் பாட்டி."

"அன்னைக்கு நான் குறுக்க பேசிட்டேன்னு எம்மேல கோவமா?"

அதற்குமேல் மறுக்க அவரால் முடியவில்லை. டப்பாவைத் திறந்து தலைமாட்டில் எழுதினார். ஓர் எழுத்து கோணிப்போயிற்று. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது.

"விடுதி பேருதான?"

"ஆமா பாட்டி."

நான் படித்தேன். தெரசம்மாள் என்று இருந்தது.

பாட்டி காலை நீட்டிப் படுத்தாள். "இப்பத்தான் நானும் இங்க உள்ளவ" என்றாள். இவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பிரஷைத் துடைத்துக்கொண்டிருந்தார்.