மரியநாதன் வீட்டுத் தையல் மெஷின்

சபாபதி வந்தபோது வினிஃப்ரெட் கோணிப்பையைப் பிரித்து நூல் எடுத்துக்கொண்டிருந்தாள். துணி கிடைக்காத காலம். சாஆ என்ற சிற்றூரின் கடைத்தெருவில், பின்வரிசை வீட்டில் அவள் கணவன் மரியநாதன் கோணியில்தான் கால்சட்டை தைத்தான். கூலியாக மரவள்ளிக்கிழங்கோ, கொஞ்சம் உப்போ வரும். அதில் இருவரும் மகள் ஐலீனும் பிழைத்தார்கள்.

சபாபதியை ஊருக்கே தெரியும். வெள்ளைக்காரன் இருந்தவரை சிகாமட் கோர்ட்டில் சேவகர். ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்த பிறகு அந்த வேலை போய்விட்டது. இப்போது பழைய கடன்களை விலைக்கு வாங்கி வசூல் செய்கிறார் என்று பேச்சு. ஜப்பான்காரன் வேலைக்கு ஆள் எடுக்கும் ஆபீசிலும் ஏதோ உதவி செய்கிறார் என்றார்கள்.

"மணியம் வட்டிக்கடை புரோநோட்டு இப்ப எங்கிட்ட இருக்கு, டெய்லர்" என்றார். குரலில் அதட்டல் இல்லை. "மெஷின் வாங்கறப்ப நீங்க கையெழுத்து போட்டது. அவரு மச்சான் எனக்கு வித்துட்டாரு."

மரியநாதன் மெஷினை நிறுத்தினான். "அந்தக் கடன அடைச்சாச்சுண்ணே. சண்டை வர்றதுக்கு முன்னாடியே. நோட்டு சிகாமட் வீட்டுப் பெட்டியில இருக்கு, அனுப்பிவைக்கறேன்னாரு. அதுக்குள்ள குண்டு விழுந்துச்சு. அவரு ஊருக்குக் கப்பல் ஏறப் போயிட்டாரு."

"ரசீது இருக்கா?"

"அவரும் நாங்களும் ஒரே ஊர்க்காரங்க. கேக்கல."

சபாபதி தலையாட்டினார். வினிஃப்ரெட் நூலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். ஜொகூர் பாரு கான்வென்ட்டில் அநாதையாக வளர்ந்தவள். யாரிடமும் நிமிர்ந்து பேசுவதற்குக் கன்னியாஸ்திரீகள் பழக்கியிருந்தார்கள்.

"அண்ணே, கடன் கேக்கறதுன்னா மொதல்ல நோட்டீஸ் வரணும். அப்புறம் கோர்ட்டு. எங்க பக்கத்து நியாயத்த அங்க சொல்லலாம். அதுவுமில்லாம தொழில் சாமானத் தொடக்கூடாது. முடிவெட்டற பேச்சிமுத்து கடையில ஜப்தி பண்ண வந்தப்ப நீங்கதானே சொன்னீங்க? கத்தி, கத்திரிக்கோல எடுக்க சட்டம் இல்லன்னு காத்திருக்கறவங்க உக்கார்ற நாற்காலிய மட்டும் தூக்கிட்டுப் போனீங்க."

சபாபதி அவளைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலிருந்தது.

"சட்டம் அப்படித்தான் இருந்துச்சு தங்கச்சி. நீ சொல்றது அத்தனையும் சரி. ஆனா அந்தக் கோர்ட்டுக் கட்டடத்துல இப்ப அரிசி மூட்டை அடுக்கி வச்சிருக்கான். எங்க போயி சொல்லுவ?"

பிறகு மரியநாதன் பக்கம் திரும்பி, சயாமில் ரயில்பாதை போட ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றார். இந்த வரிசையில் யார் யார் பெயரைக் கொடுப்பது என்று தன்னைத்தான் கேட்கிறார்கள் என்றார். சயாமுக்குப் போனவர்களில் ஒருவரும் திரும்பி வந்ததாகப் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று போய்விட்டார்.

கடன் அடைத்த அன்று மணியம் கடையில் இன்னொருவரும் இருந்தார். கிறிஸ்தவக் கோயில் உபதேசியார் ஸ்டானிஸ்லாஸ். சாமியார் வராத வாரங்களில் ஜெபம் சொல்பவர் அவர்தான். வினிஃப்ரெட் அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் அவர். "மணியம் காச எண்ணிப் பெட்டியில போட்டத நான் பாத்தேன். ஞாயித்துக்கிழம நானே வந்து சொல்றேன். பயப்படாத."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் வாரத்தைக் கழித்தாள். உபதேசியார் சொன்னபடியே வந்தார். சபாபதி வந்து உட்கார்ந்ததும், கடன் அடைந்துவிட்டது, நான் சாட்சி என்று தெளிவாகவே சொன்னார்.

சபாபதி மறுக்கவில்லை. "உங்க பெரிய பையன் இப்ப எங்க இருக்கான், உபதேசியாரே?"

"வீட்லதான்."

"சின்னவனும் வளந்துட்டான்ல?"

உபதேசியார் தன் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். கடைசியில், "நான் பாத்தது வேற ஏதாச்சும் காசா இருக்கலாம். சரியாச் சொல்ல முடியல" என்றார். வினிஃப்ரெட்டின் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார். அவளுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நாம் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்போம் என்று தோன்றியது. அதுதான் அவளை உட்கார வைத்துவிட்டது.

மறுநாள் போலீஸ் நிலையத்துக்குப் போனாள். வாசலில் நின்ற ஜப்பான்காரனுக்குக் குனிந்து வணங்கினாள். உள்ளே இருந்த மலாய்க்காரப் போலீஸ்காரர் அவர்களுக்குத் தெரிந்தவர்தான், மரியநாதனிடம் சட்டை தைத்துக்கொண்டவர். அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போங்க அக்கா. இதைப் பத்தி இங்க பேசவேண்டாம்" என்று மலாயில் மெதுவாகச் சொன்னார்.

அன்று மாலை மரியநாதன் மெஷினுக்கு எண்ணெய் போட்டான். தேங்காயெண்ணெய்தான், வேறு எங்கே கிடைக்கும். சக்கரத்தைச் சுற்றி, துடைத்து, மறுபடியும் போட்டான்.

"குடுக்கறதுக்கு எதுக்கு எண்ணெய்?" என்றாள்.

"காஞ்சு போனா கெட்டுப்போயிரும்" என்றான்.

சபாபதியின் ஆள் மாட்டுவண்டி கொண்டுவந்தான். மரியநாதனே தூக்கி வண்டியில் வைத்தான். உங்கள் பெயரை எடுத்துவிட்டேன், தைரியமாக இருங்கள் என்று சபாபதி சொல்லி அனுப்பியிருந்தார். ஐலீன் வண்டியின் பின்னால் கொஞ்சதூரம் போனாள். வினிஃப்ரெட் கூப்பிட்டதும் திரும்பி வந்தாள்.

அதன் பிறகு வீட்டில் தொழில் இல்லை. மரியநாதன் பக்கத்து எஸ்டேட்டில் புல்வெட்டும் வேலைக்குப் போக ஆரம்பித்தான். அதற்கு லாபிஸ் போகும் பெரிய ரோட்டில் நடக்க வேண்டும். ஒருநாள் காலையில் அந்த ரோட்டில் ஜப்பான்காரர்களின் லாரி வந்து நின்றது. மரியநாதனையும் சேர்த்து, போகிற வருகிற ஆண்களையெல்லாம் ஏற்றினார்கள். ரப்பர் மரங்களுக்குள் ஓடித் தப்பித்த ஒருவன் வந்து சொன்ன பிறகுதான் வினிஃப்ரெட்டுக்குத் தெரிந்தது. அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ரோட்டில் லாரியும் இல்லை, ஆட்களும் இல்லை. யாருடைய மண்வெட்டியோ ஒன்று கிடந்தது.

நேராகச் சபாபதி வீட்டுக்குப் போனாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"பேர எடுத்துட்டேன்னீங்களே, அண்ணே."

"எடுத்துட்டேன் தங்கச்சி. சத்தியமா எடுத்துட்டேன். அவனுங்க பேரப் பாக்கறதில்ல. ஆள் பத்தலன்னா ரோட்டுல இருக்கறவங்கள அள்ளிட்டுப் போறான். நான் என்ன பண்ணுவேன்?"

"மெஷின் வீட்ல இருந்திருந்தா அவரு ரோட்டுக்கே போயிருக்க மாட்டாரு."

சபாபதி ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அதையாவது திருப்பிக் குடுங்க. எனக்கும் தைக்கத் தெரியும்."

"குளுவாங் டவுன்ல ஒருத்தருக்கு வித்தாச்சு" என்றார். உள்ளே போய் ஒரு தகரக்குவளை நிறைய அரிசி கொண்டுவந்து நீட்டினார். "இத எடுத்துக்க. புள்ளைக்குக் கஞ்சி வையி."

"இது கடனா?"

"இல்ல. சும்மா."

அந்தச் சொல்லை நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. முகத்தில் எறிந்துவிட்டு வர வேண்டும் போலிருந்தது. ஐலீன் முந்தின நாள் மத்தியானத்திலிருந்து கிழங்குத் தண்ணீர் மட்டும் குடித்திருந்தாள். வினிஃப்ரெட் முந்தானையை ஏந்தினாள். அவர் அரிசியைக் கொட்டினார்.

மறுவாரம் புல்வெட்ட அவளே போனாள். லாரிச் சத்தம் கேட்டால் மற்றப் பெண்களோடு சேர்ந்து ரோட்டோரம் நின்று ஏற்றப்பட்டவர்களின் முகங்களைப் பார்ப்பாள். சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். மரியநாதனை ஆற்றங்கரை முகாம் ஒன்றில் காய்ச்சலோடு பார்த்ததாக ஒருவன் சொன்னான். பிறகு என்ன ஆனது என்று அவனுக்குத் தெரியவில்லை. மரியநாதன் திரும்பி வரவே இல்லை.