மாதம் இரண்டு சோப்புக் கட்டி

"அம்மாவைத்தான் கேட்டேன். நீங்க கொஞ்சம் சும்மா இருங்கப்பா."

ஷவ்கி டீ கிளாஸைத் தட்டில் ணங்கென்று வைத்தார். அந்த வீட்டில் இதுவரை யாரும் அவரைச் சும்மா இருக்கச் சொன்னதில்லை.

மகள் இனாஸ் தொழில்நோய் மருத்துவம் பயிலும் டாக்டர். பயிற்சி முடிய இருபது நோயாளிகளின் கோப்பு வேண்டும். பத்தொன்பது முடிந்துவிட்டது. இருபதாவதாக எதிரே மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவள், அவளைப் பெற்ற பஹிய்யா. எங்கே வலிக்கிறது என்று அப்புறம் கேள், என்ன வேலை என்று முதலில் கேள் என்பது அந்தப் படிப்பின் பாலபாடம்.

"அவளுக்கு ஏது வேலை? வீட்லதானே இருக்கா. இல்லைன்னு எழுதிட்டுப் போயேன்!" என்றார் ஷவ்கி.

ஷுப்ரா நகரின் ஆஸ்பெஸ்டாஸ் குழாய் ஆலையில் அவர் இருபத்தெட்டு வருஷம் உழைத்தவர். மாலையில் மாவு மில்லிலிருந்து வருகிறவர் போலத் தூசி படிந்து வெள்ளையாக வருவார். உடைகளை ஆலையே துவைத்துத் தர வேண்டும் என்பது விதி. ஆலை சலவைக்கூடம் கட்டவில்லை, வீட்டுக்குச் சோப்பு கொடுத்து அனுப்பியது. ஊற வைக்கும் முன் பால்கனியில் நின்று துணியை உதற வேண்டும். உதறாதவளைச் சோம்பேறி என்று தெருவே ஏசும். பஹிய்யா ஒருநாளும் அந்தப் பேச்சு வாங்கியதில்லை. இப்போது ஷவ்கியின் நெஞ்சு சுத்தம் என்று சான்றிதழ் இருக்கிறது. அந்தத் தூசி தரும் புற்றுநோய் அவள் நுரையீரல் உறையில் இருக்கிறது.

இனாஸ் எழுதினாள்: 'வேலை: ஆலை உடைகளை உதறித் துவைத்தல், இருபத்தெட்டு ஆண்டு.' பேராசிரியர் கையெழுத்திட்டால் அம்மாவின் வைத்தியச் செலவு ஆலையின் தலையில் விழும். இல்லாவிட்டால் அரசு ஆஸ்பத்திரி வரிசைதான்.

தேர்வு நாளில் பேராசிரியர் ஹில்பாவி கோப்பைப் புரட்டினார். நோயாளி எதிரே நாற்காலியில், ஷவ்கி வாசலில்.

"இந்தம்மா ஆலை கேட்டைத் தாண்டினதுண்டா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன தொழிலாளி? துணி துவைக்கிறது தொழில்னா என் வீட்டுக்காரிக்கும் பென்ஷன் கொடுக்கணுமே!"

மற்ற டாக்டர்கள் சிரித்தார்கள். படித்த சிரிப்பு.

"அதை அடிச்சிட்டு 'இல்லத்தரசி'ன்னு போடும்மா. பாஸ் பண்ணி விடறேன்."

"அவங்களையே கேளுங்க சார்."

பஹிய்யா வாசலில் நின்ற கணவனைப் பார்த்தாள். மனைவி வேலை செய்தாள் என்றால் புருஷன் கையாலாகாதவன் என்று பேசும் தெரு அவர்களுடையது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"வேலையா? ஐயோ, அந்தப் பேச்சே கெடையாதுங்க டாக்டர். ஒருநாள்கூட இவரு என்னை வேலைக்கு அனுப்பினதில்ல. ராணி மாதிரி வச்சிருந்தாரு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "துவைக்கிற சோப்புக்குக்கூட நான் கடைக்குப் போனதில்ல. மாசம் ரெண்டு கட்டி ஆலையிலயே கொடுத்துடுவாங்க."

ஷவ்கியின் சுத்தமான நெஞ்சு பெருமையில் நிமிர்ந்தது. "வா, இனாஸ் அம்மா," என்று மனைவியைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போனார்.

"கேட்டியா?" என்றார் பேராசிரியர்.

"கேட்டேன் சார்."

இனாஸுக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது. 'வேலை' என்ற வரியை அவள் அடிக்கவில்லை. அதற்குக் கீழே 'கூலி' என்ற இடம் வெறுமையாக இருந்தது. அதில் எழுதினாள்: 'மாதம் இரண்டு சோப்புக் கட்டி. கொடுத்தது: ஆலை.'

பேராசிரியர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். அடுத்த வருஷம் திரும்ப வந்து தேர்வு எழுத வேண்டியிருக்கும், தெரியுமில்ல?"

"வரேன் சார். இதே கோப்போட வரேன்," என்றாள் இனாஸ். "நோயாளியைத்தான் கூட்டிட்டு வர முடியாது."